சொல்லிக்கொண்டு போனவர்கள்

டெப்போ தெருவின் வைஃபை பெட்டிகள், ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் உலகத்தைவிட்டுப் போனவர்களுக்கும் இடம் பிடித்து வைக்கத் தொடங்கிய அந்தச் சித்திரை மாதத்தில், தங்கபுஷ்பத்தின் கவலை வேறொன்றாக இருந்தது. வைகாசியில் அவள் புருஷன் ஜெயக்கொடிக்குத் தலைத்திவசம் வருகிறது. பிண்டம் வைக்க வேண்டிய ஒரே மகன் இசக்கிராஜா குஜராத் பக்கம் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான், அப்பாவின் சாவுக்கு வந்துவிட்டுப் போன நாளிலிருந்து அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கச்சி பூரணியோடு மட்டும் பேசுவான், பக்கத்தில் அம்மாவின் இருமல் சத்தம் கேட்டால் போனை வைத்துவிடுவான். திவசத்துக்கு வரச் சொல்லி பூரணி கெஞ்சியபோது, "அங்க எனக்கு எடம் ஏது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். 

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்த ஜெயக்கொடி, போன வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு "போயிட்டு வாரேன்" என்று சொல்ல, தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்தபடியே "போயிட்டு வாங்க" என்று சொல்ல, அப்படிச் சொல்லிக்கொண்டு போன மனுஷன் சங்கரன்கோவில் வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை எடுக்கிற சவம் துணைக்கு ஆள் தேடும் என்று சொந்தக்காரர்கள் பயந்தார்கள், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்று அவசரப்பட்டார்கள். மகன் விமானம் பிடித்து வந்துகொண்டிருக்கிறான், பொறுங்கள் என்று சொல்ல வேண்டியவள் தங்கபுஷ்பம்தான். அவள் சரியென்று தலையை ஆட்டிவிட்டாள். கொழுந்தன் மகன் செண்பகராஜ் கொள்ளி வைத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் தோள்பையோடு வந்து முற்றத்தில் நின்ற இசக்கிராஜா, "என் எடத்தத் தூக்கி இன்னொருத்தனுக்குக் குடுத்திட்டியேம்மா" என்றான். ஆறாத துக்கத்தில் இருந்தவள், "நேரத்துக்கு வாரவனுக்குத்தான் எடம்" என்று சொல்லிவிட்டாள். காடாற்று முடிந்ததும் அவன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். அவனும் சொல்லிக்கொள்ளவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது, வழியனுப்புகிறவர்களும் போயிட்டு வா என்று சொல்லக் கூடாது, வந்தது போலவே பேசாமல் போய்விட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அந்த வழக்கப்படிதான் அவன் பேசாமல் போனான் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் தங்கபுஷ்பம், சொல்லச் சொல்ல அவளுக்கே அது உண்மையாகத்தான் பட்டது.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் விடியற்காலையில் கம்பெனிக்காரர்கள் எங்கிருந்தோ ஒரு புது சாப்ட்வேரை அனுப்ப, தெருவில் இருந்த வைஃபை பெட்டிகளெல்லாம் தாமாகவே அணைந்து தாமாகவே எரிந்தன. எரிந்ததிலிருந்து பூரணியின் லேப்டாப்பைப் பெட்டி உள்ளே சேர்க்க மறுத்தது. அவள் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறவள், நெட் இல்லையென்றால் வேலையும் இல்லை. பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள், சேலை ஊக்கை வளைத்துப் பெட்டியின் பின்பக்கத்து ஓட்டைக்குள் குத்தி ரீசெட் செய்யப் பார்த்தாள், கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள். அங்கிருந்து தேன் ஒழுகப் பேசிய பெண் மறுபடியும் பிளக்கைப் பிடுங்கிச் செருகச் சொன்னாள். கடைசியில் தெருவுக்கெல்லாம் கேபிளும் நெட்டும் கொடுக்கிற ஐசக்கைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

ஐசக் தன் செல்போனில் பெட்டியின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தான், கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான்.

"யக்கா, பெட்டி நெறஞ்சு கெடக்கு. உள்ள வார ஒவ்வொரு போனுக்கும் இது ஒரு எடம் குடுக்கும். போன் வெளிய போயிட்டா அந்த எடத்தத் திருப்பி வாங்கிக்கிடணும். புது சாப்ட்வேர்ல வாங்குற சோலி விட்டுப்போச்சு போல. போனவங்க எடமெல்லாம் அப்படியே இருக்கு."

"எங்க வீட்டுக்கு அப்படி யாருப்பா அத்தன பேரு வந்தாவ?"

ஐசக் வாசித்தான். முதல் பெயர் ஜெயக்கொடி. தங்கபுஷ்பம் தன் வாயால் ஒருநாளும் சொல்லாத பெயர், இன்னொருவன் வாயிலிருந்து கேட்டதும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அடுத்து அவள் கூடப்பிறந்த அண்ணன், கல்யாணமாகிப் போன நாத்தனார்மார்கள், மாடியில் குடியிருந்து மாற்றலாகிப் போன வாத்தியார் குடும்பம்.

"சிவனணைஞ்ச பெருமாள். இது யாருக்கா?"

"எங்க மாமனாரு. அவிய சாவும்போது இந்தத் தெருவுக்குக் கரண்டே வரல."

"செவலைன்னு ஒண்ணு இருக்கே?"

"அது நாங்க வித்த பசு."

"அப்பச் சரி," என்றான் ஐசக், தன்னுடைய சந்தேகம் தீர்ந்துவிட்டதைப் போல. "போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனவங்களுக்கெல்லாம் பெட்டி எடம் போட்டு வச்சிருக்கு. அவங்க வாராம அது யாருக்கும் குடுக்காது. கம்பெனிக்குச் சொல்லுதேன், சரிபண்ணி அனுப்புவாங்க." தங்கபுஷ்பம் அவன் கையிலிருந்த செல்போனை வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கொள்ளி வைத்த செண்பகராஜுக்குக்கூட ஒரு இடம் இருந்தது. இசக்கிராஜா என்ற பெயர் இல்லை.

தெரு முழுக்க ஐசக் கொடுத்த அதே பெட்டிதான் என்பதால் அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அவன் காட்டிக்கொடுத்த வழியில் எல்லா வீட்டிலும் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டார்கள். ஆச்சரியப்படுவதற்கு யாருக்கும் நேரமில்லை, முதலில் எழுந்த பேச்சே இடம் பிடித்து இருக்கிறவர்களுக்குச் சோறு வைக்க வேண்டுமா வேண்டாமா என்பதுதான். வைக்க வேண்டாம், அவர்கள் இன்னும் வந்து சேரவில்லையே என்று முடிவானது. ஆனாலும் விளக்கேற்றும் நேரத்தில் பெட்டிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைக்கிற பழக்கம் தானாக வந்தது, ஐசக்கின் அம்மா தன் வீட்டுப் பெட்டி முன்னால் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினாள். கடையில் பார்த்தவர்கள் சாப்பாடு ஆச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு ஒங்க வீட்டுல யாரு யாரு இருக்கா என்று கேட்டுக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தை அப்புறம் பார்க்கலாம், பட்டியலைக் காட்டுங்கள் என்று சொல்லி, போனவர்களுக்கு இத்தனை இடம் வைத்திருக்கும் குடும்பம் நல்ல குடும்பமாகத்தான் இருக்கும் என்று அங்கேயே பூ வைத்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைத் தாய்மார்கள் திருப்பித் திருப்பி வழியனுப்ப, வேன் டிரைவர் ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்துபோனார்.

அந்த நாட்களில் தெருவில் ஒரு சாவு விழுந்தது. பாடையைத் தூக்கும்போது, செத்தவரின் பெண்சாதி யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் "போயிட்டு வாங்க" என்று சத்தமாகச் சொன்னாள். சொல்லக் கூடாத இடத்தில் சொல்லக் கூடாத வார்த்தையைக் கேட்டு மேளக்காரர்கள் அடியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் சாயங்காலம் இன்னும் நிறையாதிருந்த அந்த வீட்டுப் பட்டியலில் அவர் பெயர் வந்து உட்கார்ந்தது. அதை வந்து பார்த்துவிட்டுப் போன கிழவர்கள் வழக்கத்தைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

இப்படிப் போனவர்களெல்லாம் உள்ளே இருக்க, இருக்கிறவர்கள் வெளியே நின்றார்கள். மில்லின் உயரமான மதில் மறைப்பதால் அந்தத் தெருவில் செல்போனில் பேச முடியுமே தவிர நெட் எடுக்காது. பூரணி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டெப்போ கேண்டீனில் போய் உட்கார்ந்து வேலை பார்த்தாள். ஒருநாள் வெயிலில் நடந்து வந்த எரிச்சலில் பட்டியலைத் திறந்தவள், அடுத்த வாரம் வாரேன்மா என்று வருஷக்கணக்காகச் சொல்லிப்போன பாலிசி ஏஜெண்டின் பெயரைப் பார்த்ததும், "ஏ மனுஷா, நீ போ!" என்று கத்தினாள். பெயர் அணைந்தது. லேப்டாப் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு தெருவே போகச் சொல்லத்தக்க ஆட்களைத் தேடியது. ஜெயித்ததும் வருகிறோம் என்று கும்பிட்டுப் போன ஓட்டுக்காரர்கள் முதலில் போனார்கள், அவர்களாலேயே பாதித் தெருவுக்கு நெட் வந்தது. மிக்சியைத் தூக்கிக்கொண்டு போன மெக்கானிக்கைப் போகச் சொன்னால் மிக்சியும் கூடவே போய்விடுமோ என்று ஒரு வீட்டில் புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டார்கள். ஆனால் சாதாரணமாகவே வாசலில் நிற்கும் பூனையிடம் தவிர யாரிடமும் போ என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லி வளராத ஜனங்கள் அவர்கள். வேண்டாதவர்கள் தீர்ந்த பிறகு வேண்டியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள், அவர்களைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. காலியான இடங்களும் அன்றாடம் வழியனுப்புகிறவர்களால் மறுபடி நிறைந்துகொண்டிருந்தன.

தங்கபுஷ்பம் குளித்து முடித்ததும் பட்டியலைப் பார்ப்பாள், சோறு வடித்ததும் பார்ப்பாள். "சொல்லாமப் போனான்ல, அதான் அவன் பேரு இல்ல," என்று பூரணியிடம் சொல்வாள். "சாவு வீட்டுல எப்படிச் சொல்லுவான்? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா?" திவசத்துக்கு எள்ளும் தர்ப்பையும் வாங்கப் பையை எடுப்பவள், அதை மறுபடி ஆணியில் மாட்டிவிடுவாள். இந்த வருஷமும் செண்பகராஜைக் கூப்பிட்டால் அது இரண்டாவது தடவையாகிவிடும். அப்புறம் மகன் என்றைக்கும் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி மதினி முருங்கைக்கீரை கொடுக்க வந்தவள், பேச்சுவாக்கில் தன் வீட்டுப் பட்டியலைப் பற்றிச் சொன்னாள். அவள் புருஷன் பேச்சு மூச்சில்லாமல் ஆம்புலன்சில் போனவர், ஆஸ்பத்திரியிலேயே முடிந்துபோனவர்.

"அவியளுக்கும் எடம் இருக்கு மதினி."

"அவிய எப்படிச் சொல்லிட்டுப் போயிருக்க முடியும்? நெனவே இல்லியே?"

"அவிய எங்க சொன்னாவ? நான்தான் ஆம்புலன்ஸ் பின்னாலயே போயிட்டு வாங்க, போயிட்டு வாங்கன்னு கத்திக்கிட்டு ஓடுனேன். டெப்போ முக்கு வரைக்கும் ஓடுனேன்."

செல்லக்கிளி போன பிறகும் தங்கபுஷ்பம் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். விற்றுப்போன செவலைக்குப் பட்டியலில் எப்படி இடம் வந்தது என்பதை அந்த வீட்டில் அதுவரை யாரும் யோசிக்கவில்லை. பசு என்ன சொல்லிக்கொண்டா போனது? லாரியில் ஏற்றும்போது அதன் நெற்றியைத் தடவி, போயிட்டு வாட்டி என்று அழுதவள் அவள்தானே. இடம் கிடைத்தது போனவர்கள் சொன்ன சொல்லால் அல்ல, இருந்தவர்கள் சொன்ன சொல்லால்தான். "மாட்டுக்குச் சொன்னத நான் எம்மவனுக்குச் சொல்லலியே," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"சாவு வீட்டுல சொல்லக் கூடாதுன்னுதானம்மா நீ சொல்லல," என்றாள் பூரணி.

"இல்லட்டி." தங்கபுஷ்பம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவன் படியெறங்கி வாசல்ல நின்னு ஒரு தடவ திரும்பிப் பாத்தான். நான் கேட்டுக் கம்பியப் பாத்துக்கிட்டு நின்னேன். வழக்கமாவது மண்ணாவது. எனக்கு அவன் மேல கோவம். ஒங்கப்பா தனியாப் போனாவளேன்னு கோவம். யார் மேல காட்டதுன்னு தெரியாம அவன் மேல காட்டிட்டேன். வழக்கம் எனக்குத் தோதா வந்து வாய்ச்சிது." ஒரு வருஷமாக அழாத அழுகையை அவள் அன்றைக்கு அழுதாள். பூரணி தடுக்கவில்லை.

ஐசக் தெருவில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தான். "நாளைக்குக் காலையில கம்பெனி சரியான சாப்ட்வேர அனுப்புது. எல்லா எடமும் அழிஞ்சிரும். இருக்கவங்களுக்கு நெட் கெடைக்கும்." அவன் நல்ல சேதி சொல்லும்போது பேசுகிற மாதிரிப் பேசவில்லை. கேட்டவர்களும் அப்படியா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். அன்றைக்கு மத்தியானம் டெப்போ தெருவில் எல்லா வீட்டிலும் பெட்டிக்கு முன்னால் யாராவது ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கபுஷ்பம் வாசலுக்குப் போய், வெயில் காய்ந்துகொண்டிருந்த வெறும் தெருவைப் பார்த்து, "போயிட்டு வா ராசா" என்று சொல்லிப் பார்த்தாள். பட்டியலில் ஒன்றும் மாறவில்லை. "எடமில்லம்மா, நெறஞ்சு கெடக்கு," என்றாள் பூரணி. "செவலையப் போகச் சொல்லலாம்மா. பசுதானே?"

"அவன் மாட்டோட எடத்தையாட்டி கேட்டான்? அவங்கப்பாகிட்ட அவனுக்கு இருந்த எடத்தக் கேட்டான். அத நான் எடுத்து வேற ஆளுக்குக் குடுத்தேன். அத அவியதான் திருப்பிக் குடுக்கணும்."

"அப்பாவப் போகச் சொல்லப்போறியா?"

"நாளைக்கு மெஷின் வந்து அவியளத் தொடச்சுப் போட்டுரும். மெஷின் அனுப்புறதுக்கு நானே அனுப்பி வைக்கேன்."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பொட்டில்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டு, விளக்கு முன்னால் உட்காருவது போலப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கடைசி வெள்ளிக்கிழமை வரை தினமும் வாங்க என்ற சொல்லில்தான் அவள் அந்த மனுஷனை வாசலுக்கு வெளியே அனுப்பியிருக்கிறாள், அந்தச் சொல்லை விட்டுவிட்டு அவரை எப்படி அனுப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. 

"ஏங்க," என்றாள். "ஒங்க மவனுக்கு எடம் வேணும். அவன் வார வழியில நான்தான் அவசரப்பட்டுட்டேன். இனிமே நீங்க எனக்காகக் காத்துக் கெடக்க வேண்டாம். சங்கரன்கோவில் வண்டிக்கு நேரமாச்சு. நீங்க... போங்க."

பட்டியலின் முதல் வரி அணைந்தது. பூரணி வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கபுஷ்பம் எழுந்து, கால் தடுக்க வாசலுக்கு ஓடி, கேட்டைத் திறந்து வைத்து, ஒரு வருஷத்துக்கு முன்னால் அவன் திரும்பிப் பார்த்த இடத்தைப் பார்த்து, செல்லக்கிளி வீட்டுக்கும் அதற்கு அப்பாலும் கேட்கிற மாதிரி, "ராசா, போயிட்டு வாப்பா!" என்றாள். ஜெயக்கொடி இருந்த இடத்தில் இசக்கிராஜா என்ற பெயர் வந்தது.

மறுநாள் காலையில் பெட்டிகள் தாமாகவே அணைந்து தாமாகவே எரிந்தன. பட்டியல்கள் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தன, எல்லா வீட்டிலும் நெட் தண்ணீராக ஓடியது.  அன்றைக்குப் பல வீடுகளில் சீக்கிரமே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்கள்.

எல்லோரும் பழைய பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. தெரு முழுக்க மாற்றினார்கள், தங்கபுஷ்பம் மட்டும் மாற்ற விடவில்லை. அந்தப் பெட்டியை லீவில் வந்தபோது ஐசக்கிடமிருந்து வாங்கி மாட்டியவன் இசக்கிராஜா, ஜெயக்கொடி இல்லம் என்று அதற்குப் பேர் வைத்து அப்பாவின் டெப்போ நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டவனும் அவன்தான். "அவன் போனுக்கு நம்ம வீட்டப் பத்தித் தெரிஞ்சது அது ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டாள். ஐசக் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை.

வைகாசி பிறந்தது. திவசத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, செண்பகராஜுக்குச் சொல்லி அனுப்பவா என்று கொழுந்தன் கேட்டு அனுப்பினார், அவள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.  ஒருநாள் காலையில் அவள் முறத்தில் உளுந்தைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, லேப்டாப்பில் வேலையாக இருந்த பூரணி சட்டென்று நிமிர்ந்தாள்.

"அம்மா. அண்ணன் போனு."

"எடுத்துப் பேசு. நான் அந்தப் பக்கம் போறேன்."

"போன் வரலம்மா. அண்ணனோட போனு பெட்டியில சேந்திருக்கு. நம்ம வைஃபை கரண்ட் கம்பத்துக்கு அந்தால எடுக்காது."

முறம் கையிலிருந்து நழுவியது, உளுந்து நடை வரைக்கும் உருண்டது. கரண்ட் கம்பத்தை ஒட்டித் தோள்பையோடு நின்றுகொண்டிருந்தான் இசக்கிராஜா, வீட்டுக்குள் வருவதா திரும்பிவிடுவதா என்று தெரியாதவனாக. மெலிந்திருந்தான். அம்மா வாசலுக்கு வந்ததைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"கூப்ட்டியாம்மா?" என்றான். "போன மாசம் ஒருநாள் மத்தியானம் கிரேன் மேல இருந்தேன். போன்ல நம்ம வீட்டு வைஃபை காமிச்சுச்சு. ஒரு நிமிஷந்தான் இருந்துச்சு. கடலுக்கு மேல அது எப்படிக் காட்டும்னு யார்கிட்டக் கேட்டாலும் சிரிக்காங்க."

தங்கபுஷ்பம்  கேட்டை அகலத் திறந்து, உருண்டு கிடந்த உளுந்தை மிதித்துவிடாமல் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"உள்ள வா," என்றாள். "எடம் இருக்கு."